கருவிகள் சீரியல் போர்ட் வழியாக அனுப்பும் செய்திகளை ஸ்கிரிப்ட்டில் கையாளுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடைக் கருவி, ஜிபிஎஸ் ரிசீவர், இரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் பகுப்பாய்வுக் கருவி, மின்சார மீட்டர் எனப் பலவும் இன்றும் கணினியோடு சீரியல் போர்ட் வழியாகவே பேசுகின்றன. சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 தரம் 1960இல் வெளிவந்தது. கணினிகளின் பின்புறத்திலிருந்து ஒன்பது முனை இணைப்பான் மறைந்து யுஎஸ்பி அடாப்டர் வந்துவிட்ட பின்னரும், கம்பியில் ஓடும் பைட்டுகளின் இயல்பு மாறவில்லை. கீழே உள்ள பதில்கள் பைத்தான் மொழியையும் சீரியல் போர்ட்டைக் கையாள உதவும் பைசீரியல் நூலகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மற்ற மொழிகளில் கட்டளைகளின் பெயர்கள் மாறும். செய்ய வேண்டியவை மாறா.

கருவி ஒரு முழுச் செய்தியை அனுப்புகிறது. என் ஸ்கிரிப்ட்டுக்கோ சில நேரம் பாதியும், சில நேரம் இரண்டு செய்திகள் ஒட்டியும் வருகின்றன. எது பழுது?

எதுவும் பழுதில்லை. சீரியல் போர்ட்டுக்குச் செய்தி என்ற ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட் மட்டுமே. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், எட்டுத் தரவுப் பிட்டும் பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லாமல் ஒரு நிறுத்தப் பிட்டும் வைத்தால், தொடக்கப் பிட்டையும் சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்துப் பிட்டுகள் செலவாகின்றன. ஆகவே நொடிக்கு 960 பைட்டுகள், அதாவது ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிநொடிக்குச் சற்று அதிகமான நேரம். இருபது எழுத்துள்ள ஒரு செய்தி வந்து முடியவே 20 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட் பலமுறை போர்ட்டை எட்டிப் பார்த்துவிடும். பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதுவரை வந்து சேர்ந்த பகுதி மட்டுமே கிடைக்கும். ஸ்கிரிப்ட் வேறு வேலையில் சற்றுத் தாமதித்தால், மறுமுறை படிக்கும்போது இரண்டு செய்திகள் சேர்ந்து நிற்கும்.

எனவே செய்தியின் தொடக்கத்தையும் முடிவையும் கண்டறிவது முழுக்க ஸ்கிரிப்ட்டின் பொறுப்பு. ஒரு முறை படித்தால் ஒரு செய்தி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிரல் மேசையில் சோதிக்கும்போது பெரும்பாலும் சரியாகவே ஓடும். கணினிக்கு வேலை மிகும் நாளில்தான் தவறும். இந்தப் பக்கத்தில் உள்ள பிற பதில்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை.

அப்படியானால் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை எப்படி அறிவது?

கருவியின் கையேட்டில் தகவல் பரிமாற்றத்தைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, முடிவுக் குறி. எடைக் கருவிகளும் ஜிபிஎஸ் ரிசீவர்களும் பெரும்பாலும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளை (சிஆர், எல்எஃப் எனும் வரிமுடிவுக் குறிகள்) அனுப்புகின்றன. பார்கோடு ஸ்கேனர்கள் பல 13 மட்டும் அனுப்பும். இரண்டாவது, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்ந்து வருவது. ஆய்வகக் கருவிகளின் ஏஎஸ்டிஎம் நெறிமுறையில் ஒரு சட்டகம் (செய்தியின் ஒரு துண்டு) 2 என்ற பைட்டில் தொடங்கி, 3 அல்லது 23 என்ற பைட்டுக்குப் பின் சரிபார்ப்பு எழுத்துகளோடு முடிகிறது. மூன்றாவது, நீளம்: செய்தி எத்தனை பைட் என்பது முன்பே தெரிவது. நான்காவது, அமைதி: செய்திகளுக்கு இடையே எதுவும் வராத இடைவெளி.

கடைசி இரண்டும் சந்திக்கும் இடம், மீட்டர்களும் தொழிற்சாலைக் கருவிகளும் பயன்படுத்தும் மோட்பஸ் ஆர்டியு நெறிமுறை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு சட்டகங்களுக்கு இடையே குறைந்தது மூன்றரை எழுத்து நேரம் அமைதி இருக்க வேண்டும் என்பது அதன் விதி. 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிநொடி. இதை மைக்ரோகன்ட்ரோலரால் அளக்க முடியும். யுஎஸ்பி அடாப்டருக்கு இப்பால் உட்கார்ந்திருக்கும் ஸ்கிரிப்ட்டால் நம்பகமாக அளக்க முடியாது, ஏனெனில் அடாப்டரே பைட்டுகளைத் தேக்கி வைத்து மொத்தமாகத் தருகிறது. ஆகவே ஸ்கிரிப்ட்டில் நீளத்தைப் பின்பற்றுங்கள். முகவரி 1இல் உள்ள கருவியிடம் பத்துப் பதிவேடுகளை (ஒவ்வொன்றும் இரண்டு பைட் மதிப்பு) கேட்டால், வரவேண்டிய பதில் 25 பைட்டுகள் என்பது கேட்கும்போதே தெரியும்: முகவரிக்கு ஒன்று, செயற்குறிக்கு (எந்தச் செயல் என்று சொல்லும் எண்) ஒன்று, எண்ணிக்கைக்கு ஒன்று, தரவுக்கு இருபது, சரிபார்ப்புக்கு இரண்டு. கருவி மறுப்புத் தெரிவித்தால் செயற்குறியோடு 128 கூட்டி வரும், மொத்தம் ஐந்தே பைட்டுகள். எனவே முதல் இரண்டு பைட்டுகளைப் படித்து, இரண்டாவது பைட் 128ஐத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே மீதி எத்தனை பைட் என்று முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாத நிரல், கருவி மறுக்கும் ஒவ்வொரு முறையும் வராத இருபது பைட்டுகளுக்காகக் காத்திருக்கும்.

பைசீரியலில் ரீட்லைன் என்ற கட்டளை இருக்கிறதே, அது போதாதா?

மெதுவாக வரும் எளிய கருவிகளுக்குப் போதும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. படிக்கக் காத்திருக்கும் காலக்கெடு (டைம்அவுட்) முடிந்துவிட்டால் ரீட்லைன் பிழை எதையும் எழுப்பாது. அதுவரை வந்த பாதி வரியை அப்படியே திருப்பித் தரும். வந்த வரியின் கடைசி பைட் 10தானா என்று பார்க்காமல் எண்ணாக மாற்றினால், 125.40 என்று வரவேண்டிய எடை 12 என்று பதிவாகிவிடும். நிரல் எங்கும் நின்றிருக்காது, பதிவுக் கோப்பிலும் பிழைச் செய்தி இருக்காது, எண் மட்டும் தவறாக இருக்கும். மீதிப் பாதி அடுத்த முறை தனி வரியாக வந்து அதையும் கெடுக்கும்.

நான் பரிந்துரைப்பது சொந்தமாக ஒரு பைட் வரிசையை வைத்துக்கொள்வது. காத்திருக்கும் பைட்டுகள் எத்தனை என்பதை இன்-வெயிட்டிங் என்ற பண்பு சொல்லும். அத்தனையையும், எதுவும் இல்லையென்றால் ஒன்றையும், படித்து வரிசையின் வாலில் சேருங்கள். பிறகு வரிசைக்குள் முடிவுக் குறி இருக்கும்வரை, அதுவரையுள்ள பகுதியை வெட்டியெடுத்துச் செய்தியாகக் கையாளுங்கள். மீதம் இருப்பது அடுத்த சுற்றுக்கு அங்கேயே இருக்கட்டும். பத்து வரிகளுக்குள் முடியும் இந்த அமைப்பு, பாதிச் செய்தி, ஒட்டிய செய்தி இரண்டையும் ஒரே வழியில் தீர்க்கிறது. வரிசைக்கு ஒரு மேல்வரம்பும் வையுங்கள். வேகம் தவறாக அமைந்த கருவியிலிருந்து முடிவுக் குறியே வராமல் குப்பை மட்டும் வந்துகொண்டிருந்தால் வரிசை நினைவகத்தை நிரப்பிவிடக் கூடாது. ஜிபிஎஸ் ரிசீவர்கள் பின்பற்றும் என்எம்இஏ 0183 தரத்தில் ஒரு வாக்கியம் (ஒரு செய்தி) அதிகபட்சம் 82 எழுத்துகள் என்பதால் ஜிபிஎஸ்ஸுக்குச் சில நூறு பைட் வரம்பு தாராளம்.

போர்ட்டைத் திறந்தவுடன் வரும் முதல் வரியை எப்போதும் எறிந்துவிடுங்கள். நீங்கள் திறந்த கணத்தில் கருவி ஒரு வரியின் நடுவில் இருந்திருக்கலாம்.

காலக்கெடு எவ்வளவு வைக்க வேண்டும்?

கணக்கிட்டு வையுங்கள். மிக நீண்ட செய்தியின் பைட்டுகளைப் பத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் அது கம்பியில் ஓடும் நேரம் கிடைக்கும். 4800 வேகத்தில் 82 எழுத்துகளுக்கு 171 மில்லிநொடி. அதோடு கருவி யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் தாராளமாகக் கூட்டுங்கள். காலக்கெடுவே வைக்காமல் விடுவது, கம்பி கழன்ற அன்று ஸ்கிரிப்ட் முடிவின்றி உறைந்து நிற்க வழி செய்யும். சுழியம் வைத்தால் படிக்கும் கட்டளை காத்திருக்காமல் உடனே திரும்பும். அதைச் சுழற்சிக்குள் இட்டால் செயலியின் ஒரு கோர் முழுவதும் வீணாக ஓடும்.

எடை இயந்திரத்தில் பொருளை மாற்றிவிட்டேன். ஸ்கிரிப்ட் இன்னும் பழைய பொருளின் எடையையே காட்டுகிறது. ஏன்?

தொடர்ந்து அனுப்பும் நிலையில் உள்ள எடைக் கருவி நொடிக்குப் பல வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு வரியை மட்டும் படித்தால், மற்ற வரிகள் இயங்குதளத்தின் பஃபரில் (தற்காலிகத் தேக்கத்தில்) வரிசையாகக் காத்திருக்கும். நீங்கள் படிப்பது அந்த வரிசையின் தலையில் நிற்கும் மிகப் பழைய வரியை. இந்தத் தவறு எண்ணைக் கெடுப்பதில்லை; சரியான எண்ணை வேறொரு பொருளோடு சேர்த்துவிடுகிறது. பில் போடும் இடத்திலும் மருந்து கலக்கும் இடத்திலும் இதைவிட மோசமான பிழை இருக்க முடியாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. கருவி அனுமதித்தால், தொடர்ந்து அனுப்பும் நிலையை நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது கட்டளை கொடுத்துக் கேளுங்கள். மெட்லர் டொலிடோ கருவிகளின் எம்டி-சிக்ஸ் நெறிமுறையில் எஸ் என்ற ஒற்றை எழுத்தை வரிமுடிவோடு அனுப்பினால், எடை நிலைபெற்ற பின்பு பதில் வரும். எஸ்ஐ என்றால் நிலைபெறாவிட்டாலும் உடனே வரும். கேட்டுப் பெறும் வழி இல்லையென்றால், ஒரு தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) இடைவிடாமல் படித்து மிக அண்மைய முழு வரியையும் அது வந்த நேரத்தையும் மட்டும் வைத்திருக்கட்டும். முதன்மை நிரல் அந்த நேரத்தைப் பார்த்து, பழையதாக இருந்தால் மறுக்கட்டும். உள்வரும் பஃபரைத் துடைத்துவிட்டுப் படிப்பதும் ஒரு வழிதான், ஆனால் துடைத்த பிறகு வரும் முதல் வரி பாதியாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

எண்ணுக்கு முன்னால் வரும் நிலைக்குறியையும் விட்டுவிடக் கூடாது. ஏ அண்ட் டி தராசுகளின் வழக்கமான வடிவத்தில் எஸ்டி என்று தொடங்கினால் எடை நிலைபெற்றது, யுஎஸ் என்றால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, ஓஎல் என்றால் அளவு மீறியது. எண்ணை மட்டும் கத்தரித்து எடுக்கும் ஸ்கிரிப்ட்டுகள் ஆடும் எடையையும் உண்மை எடையாகப் பதிந்துவிடுகின்றன.

வருவதெல்லாம் புரியாத குறிகளாக இருக்கின்றன.

வேகம், தரவுப் பிட்டுகள், பாரிட்டி, நிறுத்தப் பிட் ஆகிய நான்கும் கருவியோடு பொருந்த வேண்டும். எல்லாக் கருவிகளும் 9600 என்று எண்ணிவிடாதீர்கள்: என்எம்இஏ 0183 தரத்தின் வேகம் 4800, ஏ அண்ட் டி தராசுகள் பல 2400 வேகத்திலும் ஏழு தரவுப் பிட், இரட்டைப் பாரிட்டியிலும் வருகின்றன. ஏழு பிட் கருவியை எட்டுப் பிட்டாகப் படித்தால் சில எழுத்துகள் சரியாகவும் சில 128 கூடியும் தெரியும். பாதி புரிந்து பாதி புரியாமல் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வேகம் தவறினால் அநேகமாக எதுவுமே புரியாது. எதுவுமே வராவிட்டால் கம்பியைப் பாருங்கள்: 2, 3 ஆகிய முனைகளைக் குறுக்கே மாற்றும் கேபிள் தேவையா, நேர் கேபிள் தேவையா என்பது கருவியைப் பொறுத்தது.

செக்சம் சரிபார்ப்பது அவசியம்தானா?

செய்தி வழியில் கெட்டதா என்று காட்ட அதோடு சேர்ந்து வரும் எண்தான் செக்சம். கருவி தருகிறதென்றால் கட்டாயம் சரிபாருங்கள். மோட்டார்களும் வெல்டிங் இயந்திரங்களும் உள்ள கூடத்தில் ஓர் எண்ணின் ஒரு பிட் மாறினால், வருவதும் நம்பத்தக்க எண்ணாகவே தோன்றும்.

தவறுகள் பெரும்பாலும் எல்லைகளில் நேர்கின்றன. என்எம்இஏ வாக்கியத்தில் டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடையே உள்ள எழுத்துகளை மட்டும் எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் கணக்கு) செய்ய வேண்டும். இரண்டு குறிகளும் கணக்கில் சேரா. ஏஎஸ்டிஎம் சட்டகத்திலோ தொடக்க பைட் சேராது, சட்டக எண்ணும் முடிவு பைட்டும் சேரும். கூட்டித் தொகையை 256ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். மோட்பஸ்ஸில் சிஆர்சி என்ற இரண்டு பைட் சரிபார்ப்பு எண், தாழ்ந்த பைட் முதலில் வரும். உங்கள் சிஆர்சி நிரலைச் சோதிக்க ஓர் எடுத்துக்காட்டு: பதின்ம எண்களில் 1, 3, 0, 0, 0, 10 என்ற ஆறு பைட்டுகளுக்குச் சிஆர்சி 197, 205 என்ற வரிசையில் வர வேண்டும்.

பொருந்தாத செய்தியைத் திருத்த முயலாதீர்கள். எறிந்துவிட்டு, எத்தனை எறியப்பட்டன என்று எண்ணிப் பதிவு செய்யுங்கள். அந்த எண்ணிக்கை ஏறினால் கம்பி பழுதடைகிறது என்று பொருள்.

ஆய்வகக் கருவி ஒரு முறை ஏதோ அனுப்பிவிட்டு அமைதியாகிவிடுகிறது. முடிவுகள் வருவதில்லை.

அது உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. ஏஎஸ்டிஎம் நெறிமுறையில் கருவி முதலில் 5 என்ற ஒற்றை பைட்டை அனுப்பிப் பேசலாமா என்று கேட்கும். நீங்கள் 6 அனுப்பி ஒப்புக்கொண்டால் தான் சட்டகங்கள் வரத் தொடங்கும். 15 நொடிக்குள் பதில் இல்லையென்றால் கருவி கைவிட்டுவிடும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் சரியென்றால் 6, தவறென்றால் 21 அனுப்ப வேண்டும். எல்லாம் முடிந்ததும் கருவி 4 அனுப்பி முடித்துக்கொள்ளும்.

6 அனுப்புவது வெறும் மரியாதைச் சொல் அன்று. அதைப் பெற்றபின் அந்தச் சட்டகம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகக் கருவி கருதும். பிறகு உங்கள் நிரல் விழுந்தால் அந்த முடிவு உங்கள் பக்கம் இல்லாமலே போகலாம். ஆகவே சட்டகத்தை வட்டில் எழுதி, எழுதியது உறுதியான பிறகே 6 அனுப்புங்கள். தரவுத்தளத்தில் சேர்ப்பது, வடிவம் மாற்றுவது போன்ற நீண்ட வேலைகளைப் பின்னர் வேறொரு நிரல் செய்யட்டும். நீங்கள் அனுப்பிய 6 வழியில் கெட்டுப்போனால் கருவி அதே சட்டகத்தை அதே எண்ணோடு மீண்டும் அனுப்பும். சட்டக எண் 1இல் தொடங்கி 7 வரை சென்று 0க்குத் திரும்பும். கடைசியாகப் பெற்ற எண்ணே மறுபடி வந்தால் 6 மட்டும் அனுப்புங்கள், இரண்டாம் முறை பதிய வேண்டாம். ஒரு நோயாளியின் முடிவு தொலைவதும் இரட்டிப்பதும் இந்தச் சிறிய ஒழுங்கு இல்லாத நிரல்களால்தான்.

ஸ்கிரிப்ட் சில நொடி தூங்கினால் தரவு இழக்கப்படுமா?

வேகத்தைப் பொறுத்தது. லினக்ஸில் டெர்மினல்களையும் சீரியல் போர்ட்டுகளையும் கையாளும் டிடிஒய் அடுக்கில் படிப்பதற்கான பஃபர் 4096 பைட். இடைவிடாமல் வந்தால் 9600 வேகத்தில் அது நான்கு நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் நிரம்பும். 115200 வேகத்தில் அரை நொடிகூடத் தாங்காது. அதற்குக் கீழே டிரைவரிடமும் கொஞ்சம் இடம் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். படிப்பதைத் தனி த்ரெட்டில் வைத்து, வெட்டியெடுத்த செய்திகளை ஒரு க்யூவில் போட்டு, வலைப்பின்னல், தரவுத்தளம் முதலிய மெதுவான வேலைகளை மறுபக்கம் செய்யுங்கள்.

ஷெல் ஸ்கிரிப்ட்டில் நேரடியாகப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் லினக்ஸ் அந்தப் போர்ட்டை மனிதர் அமர்ந்திருக்கும் டெர்மினலாகவே முதலில் கருதும். வந்த எழுத்துகளைக் கருவிக்கே எதிரொலிக்கும். 13ஐ 10ஆக மாற்றும். பாய்வுக் கட்டுப்பாடு (அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் முறை) இயங்கினால் 17, 19 ஆகிய பைட்டுகளை விழுங்கும். எதிரொலியைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு பிழைச் செய்தி அனுப்பும் கருவிகளும் உண்டு. அந்தப் பிழைச் செய்தியும் எதிரொலிக்கப்பட்டு இருபுறமும் ஓயாமல் பேசிக்கொள்ளும். படிக்கும் முன் எஸ்டிடிஒய் கட்டளையால், பைட்டுகளை மாற்றாமல் கடத்தும் ரா நிலையை அமைத்து எதிரொலியை நிறுத்துங்கள். பைசீரியல் இதைத் தானே செய்துவிடுகிறது.

யுஎஸ்பி அடாப்டரைக் கழற்றி மாட்டினால் போர்ட்டின் பெயர் மாறிவிடுகிறது.

லினக்ஸில் டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற அடைவில் அடாப்டரின் வரிசை எண்ணைக் கொண்ட நிலையான பெயர் இருக்கும்; ஸ்கிரிப்ட்டில் அதையே எழுதுங்கள். மலிவான சிஎச்340 அடாப்டர்கள் பலவற்றில் தனி வரிசை எண் இல்லாததால் இரண்டு மாட்டினால் குழம்பும். அப்போது எந்தத் துளையில் மாட்டியது என்பதை வைத்துப் பெயரிடும் பை-பாத் அடைவு உதவும்.

கழற்றும்போது பைசீரியல் பிழை எழுப்பும். அதைப் பிடித்து, போர்ட்டை மூடி, சில நொடி இடைவெளி விட்டு மீண்டும் திறக்க முயலுங்கள். அரைகுறையாக இருந்த வரிசையைக் காலி செய்ய மறக்க வேண்டாம். படிக்கத் தயார் என்றது, ஆனால் தரவு வரவில்லை என்ற பொருளில் வரும் பிழை, அதே போர்ட்டை வேறொரு நிரலும் படித்துக்கொண்டிருந்தாலும் தோன்றும். லினக்ஸில் மோடம் மேனேஜர் என்ற சேவை புதிதாக மாட்டிய போர்ட்டுகளை மோடமா என்று சோதிக்கத் தானே திறந்து கட்டளைகள் அனுப்புவதும் உண்டு. அனுமதி மறுக்கப்பட்டால், டெபியனிலும் உபுண்டுவிலும் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து மறுபடி உள்நுழைய வேண்டும்.

போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஆர்டுயினோ புதிதாகத் தொடங்குகிறதே?

ஆர்டுயினோ யுனோ பலகையில் டிடிஆர் கம்பி (கணினி தயார் என்று அறிவிப்பது) ரீசெட்டோடு இணைந்திருக்கிறது. போர்ட்டைத் திறப்பது அந்தக் கம்பியை அசைக்கிறது. திறந்ததும் இரண்டு நொடி காத்திருந்து, பஃபரைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு செய்திக்கும் திறந்து மூடாமல், ஒருமுறை திறந்து வைத்துக்கொள்வதே முறை.

செய்திகள் ஏறத்தாழ 16 மில்லிநொடி தாமதமாக வருவதாகத் தெரிகிறது.

யுஎஸ்பி அடாப்டர்கள் பலவற்றில் உள்ள எஃப்டிடிஐ சில்லுகள் சிறு தரவைத் தேக்கி வைக்கும் இயல்புநிலைக் காலம் அதுவே. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலும் லினக்ஸில் சிஸ் அடைவிலும் அதை 1 மில்லிநொடி வரை குறைக்கலாம். கேட்டுப் பதில் பெறும் சிறு செய்திகள் பல ஓடும் இடங்களில் இது பெரிய மாற்றம் தரும்.

கருவி கையில் இல்லாதபோது எப்படிச் சோதிப்பது?

லினக்ஸில் சோகேட் என்ற கருவி ஒன்றோடொன்று இணைந்த இரண்டு போலி டெர்மினல்களை உருவாக்கித் தரும். விண்டோஸில் காம்0காம் அதே வேலையைச் செய்யும். ஒரு முனையில் உங்கள் ஸ்கிரிப்ட், மறுமுனையில் கருவியைப் போல் பேசும் ஒரு சிறு நிரல். போலிப் போர்ட் பைட்டுகளை உடனே கடத்திவிடும் என்பதால், வேகம் சார்ந்த பிழைகள் அங்கே வெளிப்படா. எனவே போலிக் கருவி வேண்டுமென்றே ஒவ்வொரு பைட்டாகத் தாமதித்து அனுப்பட்டும், மூன்று செய்திகளை ஒரே மூச்சில் அனுப்பட்டும், ஒரு வரியை நடுவில் நிறுத்திவிட்டுப் போகட்டும், ஒரு பிட்டை மாற்றி அனுப்பட்டும்.

அதைவிட நல்ல சோதனைத் தரவு உண்மைக் கருவியிடமிருந்தே கிடைக்கும். ஸ்கிரிப்ட்டின் முதல் பதிப்பிலிருந்தே, வந்த பைட்டுகள் ஒவ்வொன்றையும் எழுத்தாக மாற்றும் முன்பு, பதினாறடிமான எண்களாக நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். பின்னொரு நாள் தவறான முடிவு ஒன்று தோன்றும்போது, அந்தக் கோப்பைப் போலிப் போர்ட் வழியாக மீண்டும் ஓட்டினால், கருவி அனுப்பியது தவறா, கம்பி கெடுத்ததா, ஸ்கிரிப்ட் வெட்டிய இடம் தவறா என்பது தெரிந்துவிடும்.